குழந்தையின் குரல்வளைக்குள் ஒலி நுழைந்த வரலாறு

பிறந்த குழந்தையின் மூச்சுப்பாதையில் மிகக் குறுகலான இடம் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, வளையக் குருத்தெலும்பின் மட்டத்தில் இருக்கிறது. அங்கே உள்விட்டம் 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான். 4 மி.மீ. விட்டமுள்ள குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. தடித்தால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும், காற்று போகும் பரப்பு கால் பங்காகச் சுருங்கும். பெரியவருக்குத் தொண்டைக்கம்மலோடு போவது கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறலாக மாறுவது இந்தக் கணக்கால்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் அதை எப்படிப் பார்ப்பது? மருத்துவம் இதற்காகக் கண்டுபிடித்த கருவிகளில் பெரும்பாலானவை நோயாளியின் ஒத்துழைப்பையோ மயக்கத்தையோ கேட்டன. இரண்டையும் கேட்காத எக்ஸ்ரே, வேறொரு விலையைக் கேட்டது. அல்ட்ராசவுண்ட் இவ்வரிசையில் தாமதமாக வந்தது. அது இங்கே பலித்ததற்கு எந்திரத்தின் நுட்பம் பாதிக் காரணம். குழந்தையின் உடலமைப்பு மீதிக் காரணம்.

உயிருள்ள மனிதனின் குரல்வளையை முறையாகப் பார்த்து விவரித்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா 1854இல், பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பித் தன் குரல்நாண்களையே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தன் கட்டுரையை அளித்தார். வியன்னாவின் டூர்க்கும், செர்மாக்கும் அதை மருத்துவக் கருவியாக்கினார்கள். ஆனால் வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, குமட்டலை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார இரண்டு வயதுக் குழந்தையிடம் யார் சொல்வது? லண்டனில் மோரெல் மெக்கன்சி 1871இல் குரல்வளைக் கட்டிகளைப் பற்றி எழுதிய நூல், அவர் சிகிச்சையளித்த தொடர்ச்சியான நூறு நோயாளிகளின் பதிவு. குரல்வளையில் வரும் மருக்களைத் தனி இனமாகப் பிரித்தறிந்த பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. 1895இல் பெர்லினில் ஆல்ஃபிரெட் கிர்ஸ்டைன் கண்ணாடியை விட்டுவிட்டு நேராகவே குரல்வளையைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த நேர்முறைதான் பின்னாளில் மயக்க மருந்தோடு சேர்ந்து குழந்தைகளுக்கான உறுதியான பரிசோதனையாக நிலைத்தது.

அதன் சுமை எவ்வளவு என்பது குரல்வளை மரு நோயை அறிந்தவர்களுக்குத் தெரியும். மனித பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் வருவது இது; பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் குரல் கரகரக்கத் தொடங்கும். பல நேரம் அதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து தருவார்கள். மருவை வெட்டி எடுத்தால் மீண்டும் முளைக்கும். ஒரே குழந்தைக்குப் பத்து, இருபது அறுவைகள் நடப்பது அரிதல்ல. நூறைத் தாண்டியவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் மயக்கம், ஒவ்வொரு முறையும் பட்டினி, ஒவ்வொரு முறையும் அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே பெற்றோர்.

எக்ஸ்ரே கேட்ட விலைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கதிர்வீச்சு படம் பிடிக்க மட்டும் பயன்படவில்லை. குரல்வளை மருக்களைச் சுட்டழிக்கவும், கைக்குழந்தைகளின் ‘பெரிதான’ தைமஸ் சுரப்பியைச் சுருக்கவும் பயன்பட்டது. தைமஸுக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளுக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வருவதை 1950இல் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் சுட்டிக்காட்டினர். கதிர் பாய்ச்சிய குரல்வளை மருக்கள் புற்றாக மாறிய செய்திகளும் வந்தன. ஒரு படத்துக்கான கதிர்வீச்சு இதனோடு ஒப்பிட மிகச் சிறியது என்பது உண்மை. ஆனாலும் குழந்தையின் கழுத்து, கதிரை அடிக்கடி காட்டக்கூடாத இடம் என்ற எச்சரிக்கை அப்போது ஊன்றியது.

கதிர் இல்லாமல் பார்க்கும் வழி அல்ட்ராசவுண்டில் இருந்தது. நம் பேச்சில் ‘ஸ்கேன்’ என்றாலே கர்ப்பிணியின் வயிறுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு: கிளாஸ்கோவின் இயான் டொனால்டும் அவர் குழுவினரும் 1958இல் லான்செட் இதழில் வெளியிட்ட வயிற்றுக் கட்டிகள் பற்றிய கட்டுரைதான் அல்ட்ராசவுண்டை மருத்துவமனைக்குள் ஊன்றச் செய்தது. ஆனால் அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 1953இல், சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இதயத்தின் அசைவை எதிரொலியால் பதிவு செய்திருந்தார்கள். அதே ஹெர்ட்ஸ் 1970இல் தன் சகாக்களோடு, அதிரும் குரல்நாண்களை அல்ட்ராசவுண்டால் பதிவு செய்தார். இதய வால்வு அசைவதைப் பார்க்க முடிந்தவருக்குக் குரல்நாண் அசைவதைப் பார்க்கத் தோன்றியதில் வியப்பில்லை.

இருந்தும் குரல்வளை அல்ட்ராசவுண்ட் வெகுகாலம் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. காரணங்கள் இரண்டு. திசுவிலிருந்து காற்றுக்குள் போகும் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். குரல்வளையோ காற்றுக் குழாய். இரண்டாவது, குரல்வளையை முன்புறம் மூடும் கேடயக் குருத்தெலும்பு வளர்ந்தவருக்கு வயது ஏற ஏறச் சுண்ணமேறி எலும்பாகிறது. ஒலி அதைத் துளைப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதுக்காரரின் குரல்வளையில் முயன்றவர்கள் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று ஒதுக்கியதில் தவறில்லை. தவறு, அந்த முடிவைக் குழந்தைக்கும் நீட்டியதில் இருந்தது.

குழந்தையின் கேடயக் குருத்தெலும்பு மென்மையானது, ஒலியை உள்ளே விடுகிறது. தோலுக்கும் குரல்நாணுக்கும் இடையே தூரமும் குறைவு; அதனால் ஆழம் போகாத, ஆனால் நுணுக்கம் மிகுந்த உயர் அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம். 10 மெகாஹெர்ட்ஸில் திசுவுக்குள் ஒலியின் அலைநீளம் 0.15 மி.மீ. அளவே. பாரிஸில் காத்ரீன் கரேலும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் அல்ட்ராசவுண்ட் படங்களைக் கரு உடற்கூறுகளின் குறுக்குவெட்டுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். திரையில் தெரியும் கறுப்பும் வெளுப்பும் எந்தத் திசு என்று முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். 1992இல் இயல்பான குரல்வளையோடு நோயுற்றதையும் சேர்த்து எழுதினார்கள். என் கணிப்பில் இத்துறையின் உண்மையான தொடக்கம் இதுதான். புதிய எந்திரம் எதையும் அவர்கள் செய்யவில்லை, சரியான நோயாளியைத் தேர்ந்தார்கள்.

பரிசோதனை எளிது. குழந்தை தாயின் மடியில் கழுத்தைச் சற்று நிமிர்த்தியபடி இருக்கும். ஜெல் தடவி, புரோபை மெல்லக் குறுக்காக வைப்பார்கள். கொழுப்பு மிகுந்த போலிக் குரல்நாண்கள் வெளுப்பாகவும், தசையாலான மெய்க்குரல்நாண்கள் கறுப்பாகவும் தெரியும். குழந்தை அழுதால்? மற்றக் கருவிகளுக்கு இடைஞ்சலான அந்த அழுகை இங்கே உதவுகிறது: நாண்கள் சேர்வதும் பிரிவதும் திரையில் தெரியும். குரல்நாணுக்குக் கீழே வரும் ரத்தநாளக் கட்டியில் டாப்ளர் முறை ரத்த ஓட்டத்தையே காட்டிவிடுகிறது. குழந்தைகளின் ரத்தநாளக் கட்டிகளுக்கு புரோப்ரனலால் மருந்து பயன்படும் என்பதை போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் தற்செயலாகக் கண்டறிந்த பிறகு, மருந்தால் கட்டி சுருங்குகிறதா என்று அடிக்கடி பார்க்கும் தேவை கூடியது. வட கரோலினாவின் பால் பிரைசன் குழுவினர் 2009இல், மீண்டும் மீண்டும் முளைக்கும் குரல்வளை மருக்களைக் கண்காணிக்க உயர்துல்லிய அல்ட்ராசவுண்ட் உதவுமா என்று ஆராய்ந்தார்கள்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. காற்றுக்குப் பின்னால் நிழல் விழுவதால் குரல்வளையின் பின்சுவர் சரியாகத் தெரிவதில்லை. மிகச் சிறிய மரு தப்பிவிடும். கட்டி எந்த வகை என்பதைத் திசுவை எடுத்துப் பார்த்தே சொல்ல முடியும். புரோப் பிடிக்கும் கைக்குப் பழக்கம் வேண்டும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் ஸ்கேன் அறையில் இருப்பார், குரல்வளையை அறிந்தவரோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருப்பார். இம்முறை பரவத் தாமதமானதில் இந்த இரண்டு அறைகளுக்கு இடையிலான தூரத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எனவே முதல் நோயறிதலும் அறுவையும் இன்றும் மயக்கத்தில் நேராகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பின் வேலை. இரண்டு அறுவைகளுக்கு இடையே, இந்த வாரம் அரங்குக்குக் கொண்டுபோக வேண்டுமா, அடுத்த மாதம் வரை பொறுக்கலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் அல்ட்ராசவுண்டுக்கு உரிமை உண்டு. அதுவும் குருத்தெலும்பு எலும்பாகத் தொடங்கும் வயது வரைதான்.