படக்கதையும் பாட்டன் கதையும்

வரலாற்றில் கற்பனை கலத்தல் கலைஞர்க்குரிய உரிமையே; அதனை நாம் மறுத்தோமில்லை. எனினும், 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'கே.ஜி.எப்.' என்னும் கன்னடத் திரைப்படம் காட்டும் நராச்சிச் சுரங்கமும், அடிமைக் கூட்டமும், மீட்க வந்த தனிவீரனும் முற்றும் கற்பனையேயாம்.

நம் தங்கவயலில் 1880களில் தொடங்கிச் சுரங்கங்களை நடத்தியோர் ஜான் டெய்லர் கும்பெனியார். பாலகாட் முதலிய சுரங்கங்களில் நம் பாட்டன்மார் கூலிக்கு உழைத்தனர், தூசியில் நலிந்தனர். ஆயினும் அவர்கள் வாய்மூடி இருந்தாரல்லர். கைரேகைப் பதிவு தம்மை இழிவுபடுத்துவதெனக் கண்டு, 1930இல் ஆயிரமாயிரவராய் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் ஒற்றுமையே அவர்க்குப் படையாயிற்று. இதனைப் படம் சொல்லவில்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. கண்டோர் குறைந்து வருகின்றனர். படத்தைக் கண்டு களிப்போம். வீடு திரும்பியதும் பிள்ளைகட்கு மெய்க்கதையையும் சொல்வோமாக!