கோயிலும் பலாத்சோவும்

உரோமின் பலத்தீன் குன்றிற் பேரரசன் அகுஸ்தசு உறைந்தான். அக்குன்றின் இலத்தீன் பெயரான 'பலாத்தியும்' நாளடைவில் அரசமாளிகையைக் குறித்தது. இத்தாலியத்திற் 'பலாத்சோ' எனத் திரிந்து, செல்வர் மாளிகைக்கும் அரச அலுவலகத்துக்கும் உரியதாயிற்று.

தமிழிற் 'கோயில்' வேறு வழிச் சென்றது. கோ, இல் என்னும் இரு சொற்களாலாய அது முதலில் அரசன் மனையைச் சுட்டியது. சிலப்பதிகாரத்தில் அப்பொருளைக் காணலாம். பின்னர் இறைவன் இல்லமே கோயிலாயிற்று.

எனினும் பழம்பொருளின் சாயல் மட்டக்களப்பு வாவிக்கரையில் மறையவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம் முதலான தேசத்துக் கோயில்களை வண்ணக்கர் நிருவகிப்பர்; திருவிழா உரிமையும் வரிசை மரியாதையும் குடிமுறைப்படி அமையும்.

போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர்; 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி கோட்டைக்குள் அமர்ந்தது. மக்கள் மதித்த வரிசையோ கோயிலிலேயே நிலைத்தது எனலாம்.