புக்கிட் சீனா: போராட்டமும் நிலவுரிமையும்

மலாக்காவில் கடற்கரை மேம்பாட்டை எதிர்த்த மக்கள் இயக்கங்களுள் புக்கிட் சீனாப் போராட்டம் குறிப்பிடத்தக்கது. 1984ஆம் ஆண்டில் மாநில அரசு, ஏறத்தாழ 42 ஹெக்டர் பரப்புடைய அக்குன்றைச் சமன்செய்து, அதன் மண்ணால் கடலைத் தூர்க்கத் திட்டமிட்டது. குன்றிலோ 12,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் சீனக் கப்பித்தான் ஒருவர் தம் சமூகத்திற்கு அளித்த நிலம் அது. அதனைக் காத்துவந்த செங் ஹூன் தெங் கோயில் அறங்காவலர்கள் திட்டத்திற்கு இணங்கவில்லை. நிலவரி நிலுவையென ஏறத்தாழ 2 மில்லியன் வெள்ளி கோரப்பட்டபோதும் அவர்கள் பணியவில்லை. சீனச் சங்கங்கள் நாடெங்கும் ஆதரவு திரட்டின, திட்டம் கைவிடப்பட்டது.

மக்கள் எழுச்சிக்கு ஈண்டு அறக்கொடை உரிமை துணைநின்றது. இதே மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆயினும், அவர்தம் லயங்களும் கோயில்களும் பெரும்பாலும் தோட்ட நிறுவனங்களின் நிலத்திலேயே நின்றன. தோட்டம் கைமாறியபோது உரிமைகோர அவர்களிடம் ஆவணமில்லை. டச்சுக்காரர் ஆட்சியில் தைவநாயகம் செட்டி பெற்ற நிலத்தில், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலோ இன்றும் நிலைத்துள்ளது.

எஞ்சியுள்ள கோயில், தமிழ்ப்பள்ளி நிலங்களின் ஆவணங்களைத் தேடித் தொகுப்பது நம் ஆய்வாளர்தம் உடனடிக் கடமையாகும்.