புதுநன்மைக்குப் பின் நம் பிள்ளைகள் எங்கே?

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு ஆண்டவர் இயேசு சீடரிடம் கூறினார் (மாற்கு 10:14). தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி என விரிந்துள்ள நம் புறநகர்ப் பகுதியில் பிள்ளைகள் வரத்தான் செய்கிறார்கள். புதுநன்மை வகுப்பில் உட்கார இடம் போதாது. உறுதிபூசுதல் முடிந்த அடுத்த ஞாயிறு முதல் பலரைக் காணோம். டியூஷன், கோச்சிங், பொதுத்தேர்வு என்று பெற்றோர் காரணம் சொல்கிறார்கள். மறைக்கல்வி என்பது அருளடையாளம் பெறுவதற்கான நுழைவுச்சீட்டா?

திருச்சபையின் எண்ணம் அதுவல்ல. புதுநன்மை பெற்ற சிறாருக்கு அதன்பின் இன்னும் நிறைவாகவும் ஆழமாகவும் மறைக்கல்வி தரப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 777) பங்குத்தந்தையரைப் பணிக்கிறது. பெற்றோரின் கடமையை எண் 774 வலியுறுத்துகிறது. இக்கடமையை நிறைவேற்ற உதவுவனவே பங்கில் உள்ள சிறார், இளையோர் இயக்கங்கள்.

திருப்பாலத்துவ சபை: 1843-இல் பிரான்சின் நான்சி மறைமாவட்ட ஆயர் சார்லஸ் தெ ஃபோர்பின் ஜான்சன் தொடங்கியது. நாள்தோறும் ஒரு மங்கள வார்த்தை செபம், மாதந்தோறும் ஒரு சிறு காணிக்கை. இவ்விரண்டால் சிறுவரே சிறுவருக்கு உதவுவர். 1922-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இதனைத் திருத்தந்தையின் சபையாக உயர்த்தினார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

பீடச்சிறார்: திருவழிபாட்டை அருகிலிருந்து கற்கும் பள்ளி இது. பதினான்கு வயதில் இறந்த புனித தோமினிக் சாவியோ இவர்களின் பாதுகாவலர்.

இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் (ஒய்.சி.எஸ்.): உயர்நிலை, மேல்நிலை மாணவருக்கானது. பெல்ஜியம் நாட்டுக் கர்தினால் கார்டைன் இளம் தொழிலாளரிடையே வளர்த்த 'பார்த்தல், சிந்தித்தல், செயல்படுதல்' என்னும் முறையே இதன் அடிப்படை. திருத்தந்தை 23-ஆம் யோவானும் 1961-இல் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். தேர்வு அச்சம், கைபேசி, சாதி ஏற்றத்தாழ்வு, தெருவின் குப்பை எதையும் இங்கே நற்செய்தி ஒளியில் பேசலாம். உறுதிபூசுதலுக்குப் பின் நாம் இழக்கும் வயதினருக்கு உரிய இயக்கம் இதுவே.

இவற்றோடு கோடை விடுமுறை விவிலியப் பள்ளி, மரியாயின் சேனையின் இளையோர் பிரிவு ஆகியவையும் உண்டு.

பிள்ளைகளைக் கற்பவராக மட்டும் வைத்திருந்தால் சலித்துப் போவார்கள். பொறுப்புக் கொடுத்தால் நிலைத்திருப்பார்கள். இது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் சிறுவரைக் கூட்டிச் செபங்கள் கற்பித்தார். கற்ற சிறுவரையே நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்க அனுப்பினார். 1545-இல் நம் மயிலாப்பூரில் தங்கிச் செபித்தவரும் அவரே. நம் காலத்தில், 2006-இல் பதினைந்து வயதில் மறைந்து 2025-இல் புனிதரான கார்லோ அக்குதிஸ், தம் பங்கில் சிறுவருக்கு மறைக்கல்வி கற்பிக்க உதவியவர்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில:

1. உறுதிபூசுதல் பெற்ற ஒவ்வொருவரையும் அதே மாதத்தில் ஓர் இயக்கத்தில் சேர்ப்போம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் சிறு வகுப்புக்குத் துணை ஆசிரியராகலாம்.

2. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காக இங்கே குடியேறிய குடும்பங்கள் பல. புதிய குடும்பத்தின் பிள்ளைகளை அன்பியம் முதல் மாதத்திலேயே தேடிச் சென்று அழைக்கட்டும்.

3. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் கேலி செய்யாமல், இரு மொழியிலும் கற்பிப்போம்.

4. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தை வழிகாட்டிகள் அறிந்திருக்கட்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருக்க வேண்டாம்.

பெற்றோரே, தேர்வுக்கு நேரம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஆண்டவருக்கும் விட்டுவையுங்கள். மதிப்பெண் கல்லூரி வரை கூட வரும். தோல்வியிலும் தனிமையிலும் நம் பிள்ளையைத் தாங்கும் நம்பிக்கையை இப்போதே ஊட்டுவோம். இறைவன் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக!