வெள்ளக் கோடும் மனைக் கோடும்: அடையாற்றுப் படுகையில் அரசுத் துறைகளின் ஒருங்கிணைப்பு

2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. மதகுகளை எப்போது, எவ்வளவு உயர்த்தியிருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே அதன்பின் வாதம் நடந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும் சென்னையை மூழ்கடித்த அந்த வெள்ளப் பேரிடருக்கு மனிதரே காரணம் என்றது. அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் குறுகியது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் உள்ளிட்ட பல ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றுக்கே வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை நிரம்பினால் கலங்கல் வழியே தாமே வழிபவை. அங்கே பொறியாளர் உயர்த்தவோ தாழ்த்தவோ எதுவுமில்லை. செம்பரம்பாக்கத்து மதகு பிழையின்றி இயங்கியிருந்தாலும் ஆறு கரை கடந்திருக்கும். அப்படிக் கடக்கும் நீர் பரவவேண்டிய நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தது யார், எந்தத் தகவலை வைத்து அனுமதித்தார் என்பதே ஆராயத்தக்க கேள்வி.

துறைகள் கூடிப் பேசாததால் வந்த கேடு இது என்பது வழக்கமான விடை. ஆனால் கூட்டங்களுக்குச் சென்னையில் பஞ்சமே இருந்ததில்லை. ஏரியும் ஆறும் அன்று பொதுப்பணித்துறையிடம், இன்று நீர்வளத்துறையிடம். புறம்போக்கும் பட்டாவும் வருவாய்த்துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். நிலப் பயன்பாடு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். இவர்களை ஒரே மேசையில் அமர்த்தச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையும் உண்டு. தகவல் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் செய்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது வெறும் கருத்தாக நின்றுவிடுகிறது. அனுமதி வழங்கும் கையைக் கட்டும் சட்ட வலு அதற்கு இல்லை. ஒருங்கிணைப்பின் உண்மையான பழுது இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

வெள்ளம் தேங்கும் பகுதிகளில் கட்டடத் திட்டத்துக்கு நீர்வளத்துறையிடம் பெறவேண்டிய தடையின்மைச் சான்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காகிதத்தில் பார்த்தால் இரு துறைகளும் ஒருங்கிணைந்து இயங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றே தோன்றும். ஆனால் சான்று கேட்கப்படுவது ஒரு மனைக்கு. ஆறோ மனை மனையாக ஓடுவதில்லை. மனையை இத்தனை மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்பது இத்தகைய சான்றுகளில் அடிக்கடி வரும் நிபந்தனை. அதை நிறைவேற்றியவர் வீட்டுக்குள் நீர் வராது. அங்கே தேங்கியிருக்க வேண்டிய நீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். அடுத்த விண்ணப்பதாரர் இன்னும் உயரமாக மண் கொட்டுவார். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சரியாக இருக்க, சமவெளி முழுவதும் தன் கொள்ளளவை இழக்கிறது. இதில் எந்த அதிகாரியும் விதியை மீறவில்லை என்பதுதான் கவலைக்குரியது. பொது நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல: சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமாகக் கட்டப்பட்டது, அந்த டிசம்பரில் நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது.

ஆக்கிரமிப்பை அகற்றினால் போதும் என்பாரும் உண்டு. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அந்த நோக்கில் பிறந்ததே. ஆனால் அது பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள ஏரிகளின் எல்லைக்குள் நிற்பது. ஆறு பத்தாண்டுக்கொருமுறை ஏறும் நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம். அங்கே முறையான அனுமதியோடு எழுந்த வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லின் முழு எடையும் கரையோரக் குடிசைகள் மீதே இறங்கியது. அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதுவோ மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலம். ஒரு துறை வெள்ளத்திலிருந்து மீட்டவர்களை இன்னொரு துறை வெள்ளத்திலேயே குடியமர்த்தியது.

வெள்ளம் பரவும் எல்லையை வரைபடத்தில் கோடாக வரைந்து, அனுமதி வழங்குபவர் அதற்குச் சட்டப்படி கட்டுப்படும்படி வெள்ளச் சமவெளியை வகைப்படுத்துவதே தீர்வு. 2015இல் பெய்தது போன்ற பெருமழைக்கு எந்த ஏற்பாடும் தாங்காது என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் வெள்ளச் சமவெளியை வகைப்படுத்துவதன் நோக்கம் வெள்ளத்தைத் தடுப்பதல்ல, அது வரும் இடத்தில் ஆளைக் குறைப்பது. மழை மிகுந்தால் அந்த ஏற்பாட்டின் தேவையும் மிகும். எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆணையத்திடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கி.மீ.இலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி பெருமளவு ஒரே திட்ட அமைப்பின்கீழ் வருவது நன்மையே. ஆனால் எந்தக் கோட்டுக்குக் கட்டுப்படுவது என்று சட்டம் சொல்லாதவரை, பழைய சான்றைப் பெரிய அலுவலகம் வழங்கும், அவ்வளவே.

வலுவான மறுப்பு வேறு. வெள்ளச் சமவெளி வகைப்பாட்டுக்கான மாதிரிச் சட்ட முன்வரைவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என விரல்விட்டு எண்ணத்தக்க மாநிலங்களே சட்டமியற்றின. அங்கும் நடைமுறை மந்தமே. அப்படியிருக்க இன்னொரு சட்டம் எதற்கு? தயக்கத்தின் வேர் நில மதிப்பில் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கோடு விழுந்த மறுநாளே பட்டாதாரரின் சொத்து விலை இறங்கும்; அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்று சொல்லாத சட்டத்தை எந்த அரசும் நடைமுறைப்படுத்தத் துணியாது. ஆகவே கோட்டோடு ஈடும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும்: கட்டும் உரிமையை வேறிடத்துக்கு மாற்றித் தரலாம், அடிக்கடி மூழ்கும் மனையை அரசே வாங்கலாம், வேளாண்மையும் விளையாட்டுத் திடலும் தடையின்றித் தொடரலாம். இதற்கான நிதி எந்தத் துறைத் தலைப்பில் வருவது என்பதும் அப்போதே தீர்க்கப்பட வேண்டியது. இன்று வெள்ள நிவாரணம் வருவாய்த்துறைக் கணக்கில் போகிறது. மனை அனுமதிக்கான கட்டணம் சி.எம்.டி.ஏ.வுக்கும் உள்ளாட்சிக்கும் வருகிறது. அனுமதி தருபவரின் கணக்கில் அந்த அனுமதியால் நேரும் நட்டம் ஒருபோதும் ஏறுவதில்லை.