லிப்பேஸ்: வினைத்திறனும் நிலைத்தன்மையும், ஒரு நூற்றாண்டுக் கதை

கோவிந்தாபுரம் எல்லைச் சாவடிக்கு இருபுறமும் தென்னந்தோப்பும் கறவை மாடும் பலருக்கு வாழ்வாதாரம். சரியாகக் காயாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் விரைவில் காறல் வாடை வீசும். நாள்கணக்கில் குளிரில் கிடந்த பால் காய்ச்சிய பின்னும் சுவை கெடும். இரண்டிலும், கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகப் பிளக்கும் லிப்பேஸ் நொதிக்குப் பெரும்பங்கு உண்டு. பாலின் கதையே கூடுதல் வியப்புக்குரியது. குளிரிலும் பெருகும் சூடோமோனாஸ் புளோரசென்ஸ் பாக்டீரியா, பாஸ்டர் முறைச் சூட்டில் மடிந்துவிடும். அது வெளியே சுரந்து வைத்த லிப்பேஸ் பெரும்பாலும் மடிவதில்லை. ஆள் போன பின்னும் வேலை நடக்கிறது!

கணையச் சாறு கொழுப்பைப் பிளப்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளாத் பெர்னார் காட்டினார். பாக்டீரியாவுக்கும் அத்திறன் உண்டென 1901இல் நிறுவியவர் கிறிஸ்டியான் ஐக்மன். பெரிபெரி ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஐக்மன். மாட்டுக் கொழுப்பை மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மேல் அகார் ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்தார். வளர்ந்த இடத்தின் அடியில் கொழுப்பு வெண்புள்ளிகளாக மாறியது. இத்தனை எளிய சோதனையே நொதி செல்லைவிட்டு வெளியேறுகிறது என்பதற்குச் சான்றாயிற்று.

எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் லிப்பேசின் வினைத்திறன் திடீரென உயர்வதை 1958இல் சார்டாவும் தெனுவேலும் கண்டனர். 1990இல் வெளியான படிக அமைப்புகள், வினைமையத்தை மூடிய ஒரு 'மூடி' இதற்குக் காரணம் எனக் கருத வைத்தன. 1988இல் சலவைத்தூளுக்கென லிப்போலேஸ் சந்தைக்கு வந்தது. அதன் மூலம் பூஞ்சை என்பதால் இங்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் வகுப்பறைகளில் கதை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் சுவையான பகுதி ஐதராபாத்தில் நிகழ்ந்தது. உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மதுசூதன ராவ், சங்கரநாராயணன் குழுவினர் எடுத்துக்கொண்டது பேசில்லஸ் சப்டிலிஸின் லிப்பேஸ்: 181 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட, மூடியே இல்லாத சிறு புரதம். அதன் உருகு வெப்பநிலை ஏறத்தாழ 56 டிகிரி செல்சியஸ். மரபணுவில் தற்செயல் மாற்றங்களைப் புகுத்தி, தாங்குபவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றையே மீண்டும் மாற்றினர்.

2008இல் அவர்கள் வெளியிட்ட சிறந்த வகையில் உருகு வெப்பநிலை 15 டிகிரி உயர்ந்திருந்தது. வெப்பத்தால் செயலிழக்கும் வேகம் பத்து லட்சம் மடங்கு குறைந்திருந்தது. நிலைப்பு ஆற்றலோ மோலுக்கு 3 கிலோகலோரி அளவே கூடியிருந்தது. வெப்பம் தாங்கும் நொதி இறுக்கமானது, ஆகவே சாதாரண வெப்பநிலையில் சோம்பலானது என்பது நெடுநாள் கருத்து. இந்த வகையிலோ 25 முதல் 65 டிகிரி வரை வினைத்திறனும் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. ஒன்றைப் பெற மற்றதை இழந்தே ஆகவேண்டும் என்னும் விதி இயற்கையின் விதியன்று என்றே இம்முடிவை நான் வாசிக்கிறேன்.

2011இல் வந்த '6பி' வகையின் உருகு வெப்பநிலை 78 டிகிரி. அதைவிட முக்கியம், சூடேற்றினாலும் அது திரள்வதில்லை. வேகும் முட்டையின் வெண்கரு போலப் புரதங்கள் திரண்டுவிட்டால் மீட்பது அரிது. 6பி-யிலோ தளர்வான வளைவுகளும் சுருள்முனைகளும் இறுகியிருந்தன. நீரை வெறுக்கும் பெரும் திட்டுகள் குறைந்திருந்தன.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒன்று கேட்பேன். உகந்த வெப்பநிலையைக் குறித்துவிட்டு அதையே நிலைத்தன்மை என்று எழுதாதீர்கள். பத்து நிமிடச் சோதனையில் 60 டிகிரியில் உச்சம் காட்டும் நொதி, ஒரு மணி நேரத்தில் அங்கேயே அழிந்திருக்கலாம். அரை ஆயுளை அளந்தால்தான் அது தெரியவரும்.

சூடு கூடினால் அழிவும் கூடும் என்பதுகூட எப்போதும் உண்மையன்று. பாலில் வளரும் இதே குளிர்விரும்பிகளின் புரதம் பிளக்கும் நொதிகள் மிகை வெப்பப் பதப்படுத்தலைத் தாங்கியும், 55 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தபோது பெரிதும் செயலிழந்தன. பேராக், ஆடம்ஸ், ஸ்பெக் ஆகியோர் இதை வெளியிட்டது 1976இல்.