குறுந்தொகை வேட்டுவரும் ஓடும் மானும்

பண்டைத் தமிழ் வேட்டுவர் விரைந்தோடும் மானையும் குறிதப்பாது எய்து வீழ்த்தினர் எனக் கூறுவாருளர். அதற்குச் செய்யுட்சான்று எத்துணையுண்டு என ஆராய்தல் நன்று.

ஓடும் விலங்கை அது கண்ணிற்படும் இடம் நோக்கி எய்யின் கணை அதன் பின்னே வீழும். கணை சென்று சேருங்கால் விலங்கு எங்கிருக்குமோ அவ்விடத்தை முன்னரே மதித்து எய்தல் வேண்டும். அவ்விடைவெளியை ஈண்டு முன்குறி என்போம். அதன் அளவு கணையின் விரைவைப் பொறுத்தது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 'ஓடும் மான்' என்னும் துப்பாக்கிப் போட்டி நடைபெற்றது. மான் வடிவப் பலகை ஏறத்தாழ 23 மீட்டரை 4 நொடியிற் கடக்கும். சுடுவோன் 100 மீட்டர் தொலைவில் நிற்பான். குண்டு நொடிக்கு 700 மீட்டர் செல்வதாகக் கொண்டால் முன்குறி 80 சென்டிமீட்டர் அளவே.

வில்லின் நிலை வேறு. எளிய மரவில்லின் அம்பு நொடிக்கு 50 மீட்டர் சென்றால் அதுவே நல்விரைவு. 40 மீட்டர் தொலைவில், நொடிக்கு 10 மீட்டர் விரைவிற் குறுக்கே பாயும் மானுக்கு முன்குறி 8 மீட்டர் ஆகின்றது. அம்பு வானில் இருக்கும் அச்சிறுபொழுதில் மான் திரும்பலாம், துள்ளலாம், நிற்கவும் செய்யலாம். கைப்பழக்கம் ஒன்றால் இதனை வெல்லல் அரிது. ஆதலின் வேட்டுவன் மானின் ஓட்டத்தையே தனக்கு இயைந்த வழியில் திருப்புதல் வேண்டும்.

ஒருசிறைப் பெரியனாரின் குறுந்தொகைச் செய்யுள் (272) இதனையே காட்டுகின்றது. வில்லுடையோர் சீழ்க்கையடித்தும் கல்லெறிந்தும் கானத்தைக் கலைக்கின்றனர். இனம்பிரிந்த பெண்மான் ஒன்று எதிர்ப்படுகின்றது. தலைவியின் தமையன்மார் கலைமானின் மார்பில் அம்பை அழுத்துகின்றனர். குருதியொடு பறித்த அவ்வம்பு தலைவியின் கண்ணுக்கு உவமையாகின்றது. வகுப்பில் இவ்வுவமையின் நயத்தை விரித்துரைத்து யாமும் பல்லாண்டு வேட்டையை நோக்காது சென்றோம். 'நேர்பட' என்னும் சொல்லை நோக்குக. நேரே வரும் விலங்குக்கு முன்குறி வேண்டா. குறுக்கோட்டத்தை நேரோட்டமாக்குதலே கல்லெறிந்தார் தொழில் எனக் கொள்கின்றோம். அச்சொல் பெண்மானைச் சார்ந்தது, கலையைச் சார்ந்ததன்று எனத் தடை நிகழ்த்தலாம். பிணையைத் தொடரும் கலையும் அவ்வழியே வருதல் இயல்பு. புண்பட்ட இடம் மார்பு என்பதும் இதற்கு அரணாகும்.

பெரும்பாணாற்றுப்படையும் இதனொடு மாறுபடவில்லை. அதில் வரும் கானவர் நள்ளிரவில் நீர்நிலையருகே குழியில் ஒளிந்து பன்றியின் வரவு பார்த்திருக்கின்றனர். பகலில் நாயொடு புதரைக் கலைத்து முயலை வலையால் வளைக்கின்றனர். ஓடும் முயலை எய்வார் அங்கு இலர்.

இதனால் திருக்குறளின் 772ஆம் பாவும் தெளிவு பெறுகின்றது. முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பிய வேல் இனிது என்பது அதன் கருத்து. முயல் எளிய இரை, அதனை எய்தல் எளிய செயல் என்றே பலரும் கருதுவர். பரிமேலழகரோ 'ஓடும்' முயல் என விரிக்கின்றார். அவ்வொரு சொல்லால் வில்லாளியின் செயல் அருந்திறனாகின்றது. அத்திறனும் வேலின் தோல்விக்குக் கீழ்ப்பட்டது என்பதே அவர் கொண்ட பொருளாகும்.